உடைமையும் உரிமையும்

2019இல் புனே அணி கலைந்த இடத்தில் தோன்றிய ஐதராபாத் கால்பந்துக் கழகம், 2022 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. ஊதிய நிலுவையால் வீரர்கள் விலக, 2023–24 பருவத்தில் ஒரே வெற்றியுடன் கடைசி இடத்திற்குச் சரிந்தது. 2024இல் உடைமை கைமாறியது. 2025இல் கழகமே தலைநகருக்குப் பெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆயிற்று.

பட்டான்செருவிலிருந்து கச்சிபௌலி அரங்கிற்குப் பேருந்தேறியவர்களின் சம்மதத்தை யார் கேட்டார்?

முதலீடின்றிக் கழகமே இராது என்பர். மறுக்கவில்லை. ஆனால் பணம் உடைமையைத் தரும். ஊரை மாற்றும் உரிமையைத் தருமா? ஜெர்மனியில் கழகத்தின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடமே இருத்தல் பொதுவிதி. தமிழ் பிரித்துவைத்த இரு சொற்களை 'உரிமையாளர்' என்னும் ஒரு சொல்லில் நாமே குழப்பிவிட்டோம். அவர் உடைமையாளர் மட்டுமே.