பனிமனிதனும் காட்டுச் சிறு ஆந்தையும்

2019 ஏப்ரல் 29 அன்று இந்தியத் தரைப்படையின் ட்விட்டர் பக்கத்தில் சில ஒளிப்படங்கள் வெளிவந்தன. மக்காலு அடிவார முகாமுக்கு அருகே, அம்மாதம் 9ஆம் நாள், படையின் மலையேற்றக் குழு கண்ட பனிச்சுவடுகள் அவை. நீளம் 32 அங்குலம், அகலம் 15 அங்குலம். அவை பனிமனிதனாகிய யெட்டியின் காலடிகள் என்று அறிவிப்பு கூறியது. நாடே சிரித்தது. நேபாளத் தரப்பினர் கரடியாக இருக்கலாம் என்றனர். சில நாள்களில் செய்தி மறைந்தது. சுவட்டை அளந்தவர் யார், வெயிலில் உருகிய பனியில் ஒரு சுவடு எவ்வளவு விரியும், குழுவில் கரடிச் சுவட்டை அறிந்தவர் எவரேனும் இருந்தனரா என்னும் கேள்விகள் சிரிப்பொலியில் அமுங்கிப்போயின.

தொன்மத்தில் உலவும் விலங்கைத் தேடக் குழு அமைப்பதில் இழிவேதும் இல்லை. குழு எதை முதலில் ஐயுறுகிறது என்பதே தேடலின் தகுதியை முடிவு செய்கிறது. பெரும்பாலான குழுக்கள் காட்டை நோக்கி விரைகின்றன. அவற்றின் முதல் வேலையோ சான்றுகள் இருக்கும் இடத்தில் காத்திருக்கிறது.

யெட்டியின் ஆங்கிலப் பெயரே ஒரு பிழையிலிருந்து பிறந்தது. 1921இல் எவரெஸ்ட் பகுதிக்குச் சென்ற ஹோவர்ட்-பரி பனியில் சுவடுகளைக் கண்டார். அவை ஓநாயின் சுவடுகளாக இருக்கலாம் என்று அவரே கருதினார். திரும்பி வந்த சுமைதூக்கிகளிடம் பேசிய ஹென்றி நியூமன் என்னும் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் எழுத்தாளர், அவர்கள் கூறிய திபெத்தியச் சொல் ஒன்றுக்கு ‘அருவருக்கத்தக்க’ என்று பொருள் கொண்டார். ஓநாய் ஒதுங்கியது, அருவருக்கத்தக்க பனிமனிதன் உலகமெங்கும் நடந்தான்.

1954இல் லண்டன் டெய்லி மெயில் நாளிதழ் அனுப்பிய குழுவில் ரால்ஃப் இஸ்ஸர்டு உள்ளிட்டோருடன், இந்திய விலங்கியல் அளவைத் துறையைச் சேர்ந்த பிஸ்வமய் பிஸ்வாஸும் இருந்தார். நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகள் உடன் சென்றனர். இத்தனை பேர் வரிசையாக ஏறினால் எந்த விலங்கு காத்திருக்கும் என்ற ஐயம் இயல்பானது. யெட்டியின் உச்சந்தலைத் தோல் என்று பாங்போச்சே மடத்தில் போற்றப்பட்ட பொருளின் மயிர்களே அக்குழுவின் பயணத்தில் ஆய்வுக்கு உரிய பொருளாயின. உடற்கூற்றறிஞர் வுட் ஜோன்ஸ் அவற்றைச் சோதித்து, அது தலைத்தோலே அன்று, குளம்புள்ள ஏதோ ஒரு விலங்கின் தோள்பகுதித் தோல் என்றார். அந்த விடைக்கு ஒரு நுண்ணோக்கியே போதுமானதாக இருந்தது.

யெட்டி வேட்டை பெருகவே நேபாள அரசு விதிகள் வகுத்தது. அனுமதிக்கு ஐயாயிரம் இந்திய ரூபாய். தற்காப்புக்கன்றி யெட்டியைக் கொல்லக் கூடாது. எடுத்த படங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இருப்பது உறுதியாகாத உயிருக்கும் உயிர்ப்பாதுகாப்பு அளித்த சட்டம் என்று இதை நகைக்கலாம். உண்மையில், பிறரது மலையில் தேடுவோர் அம்மக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை எழுத்தில் வைத்த ஆவணம் இது.

அக்கணக்கை ஓரளவு சரியாகச் சொன்னவர் எட்மண்ட் ஹிலாரி. 1960இல் அவரது குழு கும்ஜுங் ஊரிலிருந்து மற்றொரு ‘யெட்டித் தலைத்தோலை’ இரவல் கேட்டது. ஆறு வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டே ஊரார் கொடுத்தனர். கும்ஜோ சும்பி என்னும் ஊர்ப் பெரியவர் அப்பொருளுக்குக் காவலாகச் சிகாகோ, பாரிஸ், லண்டன் வரை உடன் சென்றார். ஒருவகைக் காட்டாடான செரோவின் தோலை அச்சில் அழுத்தி வடித்த பொருள் அது என்று முடிவு வந்தது. தோல் ஊருக்குத் திரும்பியது. ஊராரின் நம்பிக்கையை எவரும் பறிக்கவில்லை. 1961இல் ஹிலாரியின் முயற்சியால் கும்ஜுங்கில் ஒரு பள்ளி எழுந்தது.

2017இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றில், யெட்டியுடையவை எனப்பட்ட ஒன்பது மாதிரிகளில் எட்டு கரடிகளுடையவை, ஒன்று நாயினுடையது என்று தெரிந்தது. ஏமாற்றம் என்று தலைப்பிட்ட இதழ்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அழிவின் விளிம்பில் நிற்கும் இமயப் பழுப்புக் கரடி, பிற பழுப்புக் கரடிகளிடமிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த தனிக் கிளை என்பதையும் அதே ஆய்வு நிலைநாட்டியது.

சான்றை முதலில் சோதித்தால் தேடல் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கான சிறந்த எடுத்துக்காட்டு மகாராட்டிரத்தில் உள்ளது. 1873இல் ஹியூம் பெயரிட்ட காட்டுச் சிறு ஆந்தை, 1884இல் கான்தேஷ் பகுதியில் டேவிட்சன் சேகரித்ததற்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் ஒன்றைச் சுட்டதாக மைனர்ட்ஸ்ஹேகன் என்னும் படை அதிகாரி கூறினார். பாடம் செய்த பறவையும் அடையாளச் சீட்டும் அவரிடம் இருந்தன. 1970களில் ரிப்ளியும் சாலிம் அலியும் தேடியும் ஆந்தை கிட்டவில்லை. பின்வந்த தேடல்கள் சிலவற்றை அந்தச் சீட்டு தவறான திசையில் இழுத்தது.

பமேலா ராஸ்முசன் காட்டுக்குச் செல்லும் முன் அருங்காட்சியகப் பேழைகளைத் திறந்தார். மைனர்ட்ஸ்ஹேகனின் பறவை, பிரித்தானிய அருங்காட்சியகத்திலிருந்து திருடி, தையல் பிரித்து மறுபடி பாடம் செய்த டேவிட்சனின் பறவையே என்பது எக்ஸ்ரே படங்களாலும் உள்ளே திணித்திருந்த பஞ்சாலும் வெளிப்பட்டது. பொய்ச் சீட்டை நீக்கிய பின் எஞ்சிய பழைய இடங்களை ராஸ்முசன், பென் கிங், டேவிட் அபட் மூவரும் தேடினர். 1997 நவம்பர் 25 அன்று ஷஹாதாவுக்கு அருகே, இலையற்ற மரத்தில், பட்டப்பகலில், அந்த ஆந்தை அமர்ந்திருந்தது. 113 ஆண்டுகள் ‘மறைந்திருந்த’ பறவை பகலில் நடமாடும் பறவை.

அம்பர்நாத் வாசகர்கள் இதைத் தொலைதூரக் கதை என்று எண்ண வேண்டியதில்லை. ஷஹாதா வடக்கே வெகு தூரம். ஆனால் 2014இல் அதே ஆந்தை தானே மாவட்டத்திலேயே, மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா ஏரியைச் சூழ்ந்த சரணாலயத்தில் காணப்பட்டது. அக்காட்டுக்குள் அதற்கு முன்பும் மனிதர் போய் வந்துகொண்டுதான் இருந்தனர். அங்கே அது இருக்காது என்ற எண்ணமே அதை மறைத்திருந்தது. ஒரு காட்டின் பட்டியலில் இல்லாத உயிருக்காக, மரம் வெட்டும் அனுமதிக் கோப்பில் எவரும் ஒரு வரி எழுதுவதில்லை.

விடுமுறை நாளில் ஷஹாப்பூர், முர்பாடு காடுகளுக்கு ஒளிப்படக் கருவியுடன் செல்லும் இளைஞர்கள், கண்டதைப் போலவே காணாததையும் இடம், நேரம், நாள் குறித்து எழுதி வைக்கலாம். அங்கே வாழும் தாக்கூர், வார்லி மக்களை வழிகாட்டிக் கூலிகளாகக் கருதாமல், அறிக்கையில் பெயர் இடம்பெறும் உடன்தேடுவோராகக் கொள்ளலாம். மக்காலுவுக்கு மீண்டும் ஒரு குழு புறப்படுமானால், சுவடு படிக்கத் தெரிந்த ஷெர்ப்பா ஒருவரும் கரடியை ஆய்ந்தவர் ஒருவரும் அதில் இருக்கட்டும். அளவுகோலை இருவரிடமும் கொடுத்து, அவர்கள் ஒப்பும்வரை ட்விட்டரைத் திறக்காமல் இருக்கட்டும்.