எங்க படிச்சவர்?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் சிலை செய்கிறார் என்றால் நாங்கள் முதலில் கேட்கிறது "எங்க படிச்சவர்?" என்றுதான். வேலையைப் பார்ப்பது பிறகு.

லக்கி சேனநாயக்க (1937–2021) எந்தச் சிற்பக் கல்லூரியிலும் படிக்காதவர். ஜெப்ரி பாவாவின் கட்டடக்கலை அலுவலகத்தில் பிளான் கீறப் போனவர். காலியில் பாவா கட்டிய லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுருள் படிக்கட்டு முழுக்க அவருடைய உலோக உருவங்கள் ஏறிப் போகும்: 1630இல் ரந்தெனிவெலவில் போர்த்துக்கேயரும் கண்டிப் படையும் மோதின சண்டை. எங்கட இராச்சியத்தை 1619இல் பிடிச்ச அதே போர்த்துக்கேயர்தான். கந்தளம ஹோட்டலில் சிறகு விரித்து நிற்கிற பெரிய ஆந்தையும் அவருடையதே. 1979ஆம் ஆண்டின் பறவை, மீன், வண்ணத்துப்பூச்சி ரூபாய்த் தாள்களைக் கீறினதும் அவர்தான். பெயர் தெரியாமலே எங்கட அப்பா அம்மா அவற்றை எண்ணிக் கொடுத்திருக்கினம்.

ஆனால் "தானாகக் கற்றவர்" என்ற சொல்லில் ஒரு கள்ளமும் இருக்கு. லக்கிக்குப் பாவாவின் அலுவலகம் இருந்தது. பத்திக் செய்ய ஏனா டி சில்வா இருந்தார். கொழும்பில் வசதியான ஒரு வட்டம் அது. அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்ற பூச்சு மேசன் தானாகவே வார்ப்பு பழகி, பின்னங்கால் இரண்டிலும் நிற்கிற குதிரையில் ஜாக்சனை ஏற்றி 1853இல் வாஷிங்டனில் நிறுத்தினார். அவருடைய பட்டறையில் உழைத்த பிலிப் ரீட் ஓர் அடிமை. அங்குள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் நிற்கிற சுதந்திரச் சிலையை வார்த்ததில் முக்கியமான கை அவருடையது. தானாகக் கற்றவர் என்று பெயர் எடுத்தது மில்ஸ்.

எங்கட ஊரில் சிற்பத்துக்குள் போக இரண்டு வாசல்தான். ஒன்று பரம்பரை, மற்றது கம்பஸ். அப்பா ஆசாரி இல்லை, ஏஎல் றிசல்ற்றும் சரியில்லை என்றால், களிமண்ணில் நல்லா மாடு செய்கிற பெடியனோ பெட்டையோ எங்க போறது? கோயில் திருப்பணியில் சீமெந்து குழைக்கப் போகலாம். அங்கயும் கோபுரத்தில் கண் திறக்கிறவர் வேற ஆள்.

நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரையில் இருக்கிற சங்கிலியனைத் தினமும் கடந்து போகிறோம். செய்தவர் ஆரென்று எங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அடுத்த சந்தியில் சிலை வைக்கப் போகிறவர்களிடம் இரண்டு விசயம் கேட்கிறோம். சேர்ட்டிபிக்கற்றை வாங்கிப் பார்க்க முன்னம் களிமண் மாதிரியைப் பாருங்கோ. பீடத்தில் திறந்து வைச்சவரின் பெயருக்குப் பக்கத்தில் செய்தவரின் பெயரையும், குழைச்சுக் கொடுத்தவரின் பெயரையும் வெட்டுங்கோ.