பாட்டனாரும் பேரனும் குளக்கரையும்

வருஷந்தோறும் வரும் வேலைகளைத் தகப்பனார் மகனுக்குக் கற்பிக்கிறார். நாற்றங்கால் தயாரிக்கும் பதம், நடவின் நெருக்கம், களை பறிக்கும் நாள், அறுப்புக்கு முன் தண்ணீரை வடிக்கும் சமயம் ஆகிய யாவும் பருவந்தோறும் திரும்பி வருவன. ஒரு வருஷம் பிழை நேர்ந்தால் மறு வருஷம் திருத்திக்கொள்ளலாம். ஆனால், தலைமுறைக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளத்தைப் பற்றியும், குளமெல்லாம் வெடித்துக் கிடக்கும் கொடிய வறட்சியைப் பற்றியும், நட்டவர் கண்டு அநுபவிக்காத மரத்தைப் பற்றியும் கற்பிப்பதற்குத் தகப்பனாரின் வயது போதாது. அதற்குப் பாட்டனாரே வேண்டும். விவசாயக் குடும்பத்தில் பாட்டனாருக்கு இருந்த மதிப்பு அன்பினால் மட்டும் ஏற்பட்டதன்று. அவருடைய நினைவு குடும்பத்திற்கும் கிராமத்திற்கும் ஒரு சொத்தாக இருந்தது.

வள்ளியூரின் நிலைமை

திருநெல்வேலிச் சீமை என்றவுடன் வெளியூரார் தாமிரபரணிக் கால்வாய்களையும், காரும் பிசானமுமாக இருபோகம் விளையும் நன்செய்களையுமே எண்ணுவர். வள்ளியூர் வட்டாரத்தின் நிலைமை வேறு. மேற்கே மலை அருகில் நின்றபோதிலும், தென்மேற்குப் பருவத்தின் மழை பெரும்பாலும் மலைக்கு அப்புறமே பெய்துவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாக இப்புறம் வருவது காற்றுதான். ஆனி, ஆடி மாதங்களில் குலை தள்ளிய வாழையைச் சாய்க்கும் அக்காற்றையே இன்று காற்றாலைகள் மின்சாரமாக மாற்றுகின்றன. பயிருக்கு வேண்டிய நீரோ ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையாலும், நம்பியாறு, அனுமன் நதி போன்ற சிற்றாறுகளாலும் குளங்களில் வந்து சேரவேண்டும். இரண்டு மாதத்தில் வருவதைப் பிடித்து வைத்து எஞ்சிய மாதங்களைக் கடத்தவேண்டிய இடத்தில், குளத்தைக் காப்பதே விவசாயத்தின் முதல் வேலையாகும்.

இவ்வட்டாரத்தில் இன்று நடுவயதை அடைந்துள்ள விவசாயிகள் பலருக்குப் பாட்டனாரைப் பற்றிய முதல் ஞாபகம் குளக்கரையோடு சேர்ந்தே இருக்கும். மழைவிட்ட காலையில் தோளில் துண்டும் கையில் மண்வெட்டியுமாகப் புறப்படுகிறவர், "ஏலே, கூட வா" என்று பேரனையும் அழைத்துக்கொள்வார். வழியில் அதிகம் பேசமாட்டார். கரையின் வெளிப்புறச் சரிவில் ஈரம் கண்ட இடத்தில் நின்று காலால் மிதித்துப் பார்ப்பார். நண்டு வளையையும் எலி வளையையும் காட்டுவார். கசியும் நீர் தெளிவாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். கலங்கலாக இருந்தால் உடனே ஆளை வரச்சொல்லுவார். கலங்கல் நீர், உள்ளே மண் அரித்துக்கொண்டு வருகிறது என்பதற்கு அடையாளம். இதைப் பேரன் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பாட்டனாரின் முகம் மாறியதைக் கண்டு கற்றுக்கொண்டான்.

மறுகாலின் அருகே வந்ததும் பாடம் முக்கியமானதாகும். குளம் நிரம்பியபின் மிகை நீர் வெளியேறும் வழி அது. அங்கே நட்டுள்ள கற்களுக்கிடையே பலகையோ மண்ணோ அடைத்தால் இன்னும் ஒரு முழம் நீர் நிற்கும். கடைமடை வயலுக்கும் அது எட்டும். ஆகையால் ஒவ்வொரு வருஷமும் அடைக்கவேண்டும் என்போர் ஒரு பக்கமும், வேண்டாம் என்போர் மற்றொரு பக்கமும் நிற்பர். கற்களில் உள்ள ஒரு கோட்டைக் காட்டி, அதற்கு மேல் நீர் ஏறினால் இராப்பொழுதானாலும் அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று பாட்டனார் சொல்லுவார். அந்தக் கோட்டுக்குக் காரணம், அவர் இளமையில் ஒருமுறை கரை உடைந்ததைக் கண்டதேயாகும்.

முப்பத்தொரு வருஷ இடைவெளி

1992-ஆம் ஆண்டு நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. அதன்பின் அதற்கு நிகரான பெருமழை 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்தது. அப்பொழுது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு முழு வருஷத்திற்குச் சராசரியாகப் பெய்வதைவிட இது அதிகம். பல குளங்களின் கரைகள் உடைந்தன; ஊர்கள் துண்டிக்கப்பட்டன; ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் வண்டியொன்று பிரயாணிகளுடன் நின்றுவிட்டது.

இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே முப்பத்தொரு வருஷங்கள். 1992-இல் நாற்பது வயதுடன் கரையில் நின்று மணல்மூட்டை அடுக்கியவருக்கு 2023-இல் எழுபத்தொன்று. 2023-இல் நாற்பது வயதுடன் பொறுப்பில் இருந்தவருக்கோ 1992-இல் ஒன்பது வயது. எந்த ஓடையில் வெள்ளம் பாய்ந்தது, எந்த மேட்டில் ஆடுமாடுகளைச் சேர்த்தார்கள், எந்தப் பாலத்தை நீர் மூடியது என்பவற்றை முதலாமவர் கண்டிருப்பார். இரண்டாமவர் கேட்டிருந்தால்தான் உண்டு. கேட்டிராவிட்டால், முப்பது வருஷமாக வறண்டு கிடந்த ஓடையை வீணான புறம்போக்கு என்றே எண்ணுவார். ஒருவர் அதில் கொட்டகை போடுவார். மற்றொருவர் வாழை வைப்பார். நீர் மட்டும் தன் பழைய வழியை மறப்பதில்லை.

வறட்சியும் அவ்வாறே. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. குளம் வற்றியபோது முதியோர் சும்மா இருக்கும் வழக்கமில்லை. அப்பொழுதுதான் கரம்பை வெட்டி வண்டியிலேற்றிப் புன்செயில் போடுவார்கள். குளம் ஆழமாகும், நிலம் வளமாகும். 2017-இல் அரசாங்கம் குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்ததும், குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அநுமதித்ததும் இந்தப் பழைய அறிவைத் தழுவியவையே.

பனங்கொட்டையின் பாடம்

பாட்டனாரின் கையால் நுங்கு வெட்டித் தின்றதும், தின்ற கூந்தலைக் கவைக்கம்பில் கோத்து அவர் செய்துகொடுத்த வண்டியை உருட்டிக்கொண்டு ஓடியதும் இப்பக்கத்துப் பிள்ளைகள் மறவாத இன்பங்கள். அம்மரத்தை நட்டவர் யார் என்று அவ்வயதில் எவரும் கேட்பதில்லை.

ஆவணி, புரட்டாசியில் பழம் உதிர்ந்தபின் பாட்டனார் கொட்டைகளைப் பொறுக்கிக் கரையோரத்திலும் வயல் எல்லையிலும் புதைப்பார். பனங்கொட்டை முதலில் மேலே முளைப்பதில்லை. கீழ்நோக்கியே முளைவிட்டு மண்ணுக்குள் கிழங்காக இறங்கும். மாதங்கள் கழித்தே ஓலை தலைகாட்டும். பின்னர் பல வருஷம் வடலியாகவே நிற்கும். ஆண்பனையா பெண்பனையா என்று தெரிவதற்கே பன்னிரண்டு, பதினைந்து வருஷம் வேண்டும். அறுபது வயதில் கொட்டை புதைப்பவர் அதன் பதநீரைக் குடிப்போம் என்று எண்ணிப் புதைப்பதில்லை. பக்கத்தில் நின்று குழி தோண்டும் சிறுவனுக்கு, உழைப்பின் பயன் தனக்கே வரவேண்டுமென்பதில்லை என்ற செய்தி ஒரு வார்த்தையும் இன்றி விளங்கிவிடுகிறது.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தாக்கல் செய்த முதலாவது தனி வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில், 76 லட்சம் பனைவிதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படுமென்றும், பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அநுமதி வேண்டுமென்றும் அறிவிக்கப்பட்டது. இது போற்றத்தக்கது. எனினும் விதையை அரசாங்கம் கொடுக்கலாமேயன்றி, ஆடு கடியாமலும் தீப்பற்றாமலும் வடலியைப் பதினைந்து வருஷம் காப்பது அதைத் தம்முடைய பாட்டனார் நட்ட மரமாக நினைக்கும் குடும்பத்தாலேயே கூடும்.

ஆராய்ச்சியும் அநுபவமும்

முதியோர் சொன்னதெல்லாம் சரியென்று கொள்வதும் தவறு. விதைத் தேர்வு, உரத்தின் அளவு, பூச்சி நோய் ஆகிய விஷயங்களில் ஆராய்ச்சி நிலையங்களின் முடிவே நம்பத்தக்கது. 1937-இல் அம்பாசமுத்திரத்தில் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-இல் வெளிவந்த அ.ச.து. 16 நெல், பாட்டனார் பயிரிட்ட இரகங்களைவிட மிகுந்த மகசூல் தருவதை விவசாயிகளே கண்டுகொண்டனர். பழைய குடிமராமத்திலும் குறையுண்டு. மண் சுமந்த ஏழைக்கு அநேக ஊர்களில் நிலமும் இல்லை, நீரில் பங்கும் இல்லை. அந்த அநீதியை எவரும் திரும்ப விரும்பலாகாது. ஒரு பருவத்தில் சோதித்தறியக்கூடியதை நிலையத்தினிடமும், பல பருவம் வாழ்ந்தே அறியக்கூடியதை முதியோரிடமும் கேட்பது புத்திசாலித்தனமாகும்.

செய்யத்தக்கது

கிராம முன்சீப், கர்ணம் உத்தியோகங்கள் 1980-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டன. அவை பெரும்பாலும் குடும்ப வழியில் வந்தமையால் நேர்ந்த கேடுகள் பல. மாறுதல் அவசியமாகவே இருந்தது. ஆயினும், கர்ணத்தின் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தங்கியிருந்த ஊர் ஞாபகமும் அத்துடன் போயிற்று. இன்றைய கிராம நிர்வாக அலுவலர் சில வருஷங்களில் மாற்றலாகிச் செல்பவர். அவரிடமுள்ள புலப்படமும் அ-பதிவேடும் நிலத்தின் எல்லையைச் சொல்லும். வெள்ளம் எதுவரை ஏறியது என்பதைச் சொல்லா.

ஆதலின் ஒவ்வொரு கிராமத்திலும் புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாளைக் குறித்து, ஊர் முதியோர் முன்செல்ல, குளத்திற்கு நீர்வரும் காலின் தலைப்பிலிருந்து மறுகால் ஓடை முடியும் இடம்வரை நிலமுடையோரும் கிராம அதிகாரியும் பள்ளிப் பிள்ளைகளும் நடந்து பார்த்தல் நலம். பெண்பிள்ளைகளையும் விடாமல் அழைத்துச் செல்லவேண்டும்; நாளை நிலத்தை நடத்துவோரில் அவர்களும் உண்டு. 1992-இலும் 2023-இலும் நீர் எட்டிய உயரத்தைச் சுவரிலோ கல்லிலோ வருஷத்துடன் குறித்துவைக்கலாம். முதியோர் சொல்லும் ஓடை, மடை, உடைந்த இடம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கிராம அலுவலகத்தில் வைத்து, மாற்றலாகும் அதிகாரி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பொருள்களில் அதையும் சேர்க்கலாம். திரும்பும் வழியில் பிள்ளைக்கு ஒரு பனங்கொட்டையாகப் புதைத்து வரலாம். இதற்குப் பெருஞ்செலவு யாதுமில்லை.

செய்யவேண்டிய காலம் மட்டும் குறுகியது. 1992-ஆம் ஆண்டு வெள்ளத்தில் கரையில் நின்றவர்களிற் பலர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அடுத்த பெருமழை எந்த வருஷம் வருமென்று எவரும் அறியார். அது வரும் இரவில் மறுகாலின் அருகே நிற்கப்போகிறவன் இன்று பள்ளியில் படிக்கும் பேரன். எந்தக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் அடைப்பை எடுக்கவேண்டும் என்பதை அவன் அறிந்திருப்பானா என்பது, திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனாரை இந்த ஐப்பசிக்கு முன் எவரேனும் குளக்கரைக்கு அழைத்துச் செல்வாரா என்பதைப் பொறுத்தது.