செட்டிக்குளத்துக் கணக்கு

எங்கள் தெருவில் விலங்கியல் மூன்றாமாண்டு படிக்கிற பெண் போன மாதம் வீட்டுக்கு வந்தாள். “சிஸ்டம்ஸ் பயாலஜி படிக்கணும் சார். ஆனா கணக்குன்னாலே பயம். கணக்கு வேணாம்னுதானே பிளஸ் டூவுல பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தேன்” என்றாள். நானும் அதே வழியில் வந்தவன்தான். பத்தாம் வகுப்போடு கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தாவரவியல் படித்தவன். நாற்பதைத் தாண்டிய பிறகு, இரண்டு வருடமாக ராத்திரிகளில் இந்தப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நமக்கு உயிரியல் பெயர்களாகவே வந்து சேர்ந்தது. கிரெப்ஸ் சுழற்சியில் எந்த நொதிக்கு அடுத்து எந்த நொதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அதில் ஒரு நொதி பாதியாகக் குறைந்தால் மற்றவை என்ன ஆகும் என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியை 1998-இலேயே முழுக்கப் படித்துவிட்டார்கள். சுமார் 4,000 மரபணுக்களின் பட்டியல் கையில் இருக்கிறது. அந்த நாலாயிரமும் சேர்ந்து எப்படி ஓர் உயிராக நடக்கின்றன என்பது வேறு கேள்வி; சிஸ்டம்ஸ் பயாலஜி கேட்பது அதைத்தான். எங்கள் ஊர் செஞ்சி; செஞ்சிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கோட்டையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மதில், களஞ்சியம் என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதிவிடலாம். 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வளைத்த கோட்டை 1698 வரை எப்படித் தாக்குப்பிடித்தது என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. உள்ளே என்ன வந்தது, என்ன செலவானது, ஒன்று குறைந்தபோது எது ஈடுகட்டியது என்று பார்க்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஆயிரம் புள்ளியும் கோடுமாகப் பின்னிக்கிடக்கும் வலைப்பின்னல் படங்களில்தான் முதலில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். என் முதல் ஆறு மாதமும் அதில்தான் போனது. அவளுக்கு அது வேண்டாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளையும் அவள் அம்மாவையும் கோட்டையிலுள்ள செட்டிக்குளத்துக்குக் கூட்டிப்போனேன். கோட்டைக் குளங்களிலிருந்து கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுபோனவர்களின் ஊர் இது. குளத்தில் இருக்கும் தண்ணீர் என்பது வந்தது கழித்தல் போனது. செல்லில் ஒரு புரதத்தின் அளவும் அதேதான். வகைக்கெழுச் சமன்பாடு என்று பெயர் வைத்து மிரட்டுவது இதைத்தான்.

படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தோம். காலியான குளம். ஒவ்வொரு மணிக்கும் 10 குடம் வருகிறது. இருப்பில் பத்தில் ஒரு பங்கு போகிறது. 10, 19, 27.1, 34.4 என்று ஏறி, 100-ஐ நெருங்கி நிற்கும். அதில் பாதியான 50-ஐத் தாண்டுவது ஏழாவது மணியில். இப்போது மறுபடி காலிக் குளத்திலிருந்து, வரத்தை இரட்டிப்பாக்கு என்றேன். மட்டம் 200-க்குப் போனது. அதில் பாதியான 100-ஐத் தாண்டியது எப்போது? அதே ஏழாவது மணி. அவள் தப்பாகப் போட்டுவிட்டதாக நினைத்து முதலிலிருந்து மறுபடி போட்டாள். அடுத்து, வரத்தைப் பழையபடி வைத்து, போகிற பங்கை ஐந்தில் ஒன்றாக்கினோம். மட்டம் 50-க்கு இறங்கியது; பாதியை நாலாவது மணியிலேயே தாண்டிவிட்டது. எவ்வளவு உயரம் என்பதில் வரத்துக்குப் பங்கு உண்டு. எவ்வளவு சீக்கிரம் என்பதைப் போக்கு மட்டுமே தீர்மானிக்கிறது. இதை முதன்முதலில் என் கையால் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அங்கிருந்து செல்லுக்குள் ஓர் எட்டுதான். ஈ.கோலையில் சிதையாமல் நிலைத்திருக்கும் புரதம், செல் இரண்டாகப் பிரியும்போதுதான் செல்லுக்குச் செல் பாதியாகிறது. அப்படியானால் பாதி மட்டத்தை எட்ட அதற்கு ஒரு தலைமுறை நேரம் ஆகும். அதைவிடச் சீக்கிரம் வேண்டுமென்றால்? வேகமாகச் சுரக்கத் தொடங்கி, போதுமான அளவு வந்ததும் தன் உற்பத்தியைத் தானே அடக்கிக்கொள்ளும் மரபணு ஒரு வழி. ரோசன்ஃபெல்ட், எலோவிட்ஸ், யூரி அலோன் மூவரும் 2002-இல் இதைச் சோதனையிலேயே காட்டினார்கள். எதிர்மறைப் பின்னூட்டம் என்று ரெண்டு மார்க் கேள்விக்கு நான் எழுதிய பதிலுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது!

அடுத்து என்ன என்று கேட்டாள். சென்னை ஐஐடியின் கார்த்திக் ராமன் நடத்திய ‘கம்ப்யூடேஷனல் சிஸ்டம்ஸ் பயாலஜி’ பாடம் என்பிடெல்லில் இலவசமாகவே இருக்கிறது. யூரி அலோனின் சிஸ்டம்ஸ் பயாலஜி அறிமுகப் புத்தகம் 2006-இல் வந்தது. அலோன் இயற்பியலிலிருந்து வந்தவர், அதனால் கணக்கைப் பொறுமையாகப் பிரித்துச் சொல்கிறார். பைத்தான் பிறகு வரட்டும், முதல் மாதம் நோட்டும் எக்செல்லும் போதும்.

உயிரியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்று அவள் தயங்கியதுதான் எனக்கு வருத்தம். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமல் குழு 2018-இல் வெளியிட்ட ‘இம்பாட்’ தரவுத்தளத்தைக் காட்டினேன். அப்போது அதில் 1,742 மூலிகைகள், 9,596 வேதிப்பொருள்கள். மூலிகை நூல்களை ஆட்கள் உட்கார்ந்து படித்துத் தொகுத்தது. ஒரே செடிக்கு ஏழு பெயர் இருக்கும். அவை ஒரே செடிதான் என்று தெரிந்தவர் இல்லாமல் இது நடக்காது. எந்தப் புரதம் சிதையும், எது நிலைக்கும் என்று தெரியாதவர் போடும் சமன்பாடும் வெறும் குளத்துக் கணக்காகவே நின்றுவிடும்.

அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். “சார், போறது இருப்புல பங்கா இல்லாம, மணிக்கு 8 குடம்னு நிலையா இருந்தா மட்டம் நிக்கவே மாட்டேங்குது. ஏறிக்கிட்டே போகுது. செல்லுல அப்படி நடக்குமா?”

அதற்குக் கீழே, நான் சொல்லாமலே, 12 குடம் என்று அடுத்த கணக்கைத் தொடங்கியிருந்தாள்.