சங்ககிரிப் பிள்ளைக்கு நாம் கொடுக்காத கதை

‘சங்ககிரிக் கோட்டையின் மர்மம்’, ‘கொல்லிமலைக் குள்ளன்’. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஏதாவது ஒரு நடுநிலைப் பள்ளியில் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிப் பாருங்கள். புதுப்படமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிள்ளைகள் கேட்பதில் தப்பில்லை. ஆசிரியர் அறையில் சொன்னாலும் பெரும்பாலும் அதே கேள்விதான் வரும் என்பதுதான் நம் நிலைமை.

இரண்டும் சிறுவர்களுக்கான சாகசக் கதைகள். எழுதியவர் பெ. தூரன். காவிரிக்கு அக்கரையில், மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். நம் கோட்டையையும் நம் மலையையும் நம் பிள்ளைகளுக்குக் கதைக்களமாக்கித் தந்தவரை நாம் மறந்துவிட்டோம். நாம் என்றால் இந்த மேட்டுக்காட்டில் பிள்ளை பெற்றவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், பள்ளி நடத்திக் காசு பார்த்தவர்கள், விழா மேடையில் தமிழ் தமிழ் என்று முழங்கியவர்கள், எல்லாரும்தான்.

தூரன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படித்தார். 1931இல் பகத்சிங்கைத் தூக்கிலிட்டதும் மனம் கொதித்துப் பட்டத் தேர்வை எழுத மறுத்தார். அதன்பின் கோபிசெட்டிபாளையத்திலும் கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலும் ஆசிரியராக இருந்தார். தேர்வை மறுத்த இந்த மனிதரைத்தான் 1948இல் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக அழைத்தார்கள். பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வந்தன. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த ஆண்டே பத்மபூஷணும் கிடைத்துவிட்டது. வாத்தியார் போகவில்லை. குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை கொண்டுவந்தார். நம்மில் எத்தனை பள்ளிகளின் அலமாரியில் அது ஏறியது, ஏறிய இடத்திலும் எத்தனை பிள்ளைகளின் கை அதன்மேல் பட்டது? அலமாரிச் சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் இருந்தது. புத்தகம் கிழிந்தால் யார் பதில் சொல்வது என்கிற பயம் நமக்கு.

சபாக்களில் தூரன் எழுதிய கீர்த்தனைகளை இன்றைக்கும் பாடுகிறார்கள், கேட்கிறவர்களுக்கு அவர் பெயர் தெரியும். அவர் கதைப்பொருளாக்கிய ஊர்களில் இருக்கிற நமக்குத்தான் தெரியவில்லை. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரின் பெயரைச் சொல்லிவிட்டால் நம் இலக்கியக் கடன் மொத்தமும் தீர்ந்ததாக நமக்கு ஒரு நினைப்பு. சங்ககிரிக் கோட்டைக்கும் நம்மிடம் ஒரு கதைதான். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் என்று ஆடிப் பதினெட்டுக்கு மாலை போடுகிறோம், திரும்பி வந்துவிடுகிறோம்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு இந்தச் சீமையில் நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மானாவாரிக் காடு கைவிட்டது. லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, தறி, கோழிப்பண்ணை என்று பிழைப்பு மாறியது. அப்பன் வண்டியோடு மாதக்கணக்கில் வடக்கே போய்விடுவான், அம்மாவுக்குத் தறி. பிள்ளையை விடுதியில் விட்டால் சோறும் படிப்பும் ஒரே இடத்தில் முடியும் என்று கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் டாக்டரும் இன்ஜினியரும் ஆனது அப்படித்தான். ஆனால் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைக்கும் பள்ளிகளுக்கு வரிசையில் நின்று பணம் கட்டியதும் நாம்தான். ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊரார் கேலி பேசியபோது சிரித்துக்கொண்டோம். 2017இல் பொதுத்தேர்வில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நீட் வந்தது. நாம் திருந்தினோமா? உருப்போடுவதை ஆறாம் வகுப்புக்கே இறக்கி, அதற்கு ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’ என்று பெயர் வைத்தோம். கதை படிக்கிற வயதுக்கு மிச்சமிருந்த மூன்று வருடமும் போயிற்று.

தூரன் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதவில்லை. ‘குழந்தை உள்ளம்’, ‘குமரப் பருவம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘மனமும் அதன் விளக்கமும்’ என்று உளவியலைத் தமிழில் எழுதினார். அவை பெற்றோரும் ஆசிரியரும் படிக்கவேண்டிய புத்தகங்கள். பள்ளி விடுதியில் ஒரு பிள்ளை விபரீத முடிவு எடுத்த செய்தி வரும்போதெல்லாம் நிர்வாகத்தைத் திட்டுகிறோம், சாலை மறியல் செய்கிறோம். பதின்வயதுப் பிள்ளையின் மனம் எப்படி வேலை செய்யும் என்று தூரனோ அவருக்குப் பின் வந்தவர்களோ எழுதியதைத் தேடிப் படித்த பெற்றோர் நம்மில் மிகக் குறைவு. பி.எட். வகுப்பில் உளவியலை நாமும் படித்தோம், தேர்வுக்காக.

சொத்துவரியோடு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியும் கட்டுகிறோம். கட்டுகிற கை, பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிப்போவதில்லை. ஆறிலிருந்து ஒன்பது வரை படிக்கிற பிள்ளைகளுக்கென்றே பள்ளிக் கல்வித் துறை ‘தேன்சிட்டு’ இதழைக் கொண்டுவருகிறது. நம்மில் பலர் அதையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்துவிடுகிறோம். இன்றைக்கும் நம் மாவட்டங்களில் பாடவேளை போக மிஞ்சிய நேரத்தில், சொந்தக் காசில், பிள்ளைகளுக்காகக் கதை எழுதுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ‘சாருக்கு வேற வேலை இல்லை’ என்பதுதான் நாம் அவர்களுக்குத் தருகிற விமர்சனம்.

தூரன் 1987இல் காலமானார். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இணையத்தில் காசில்லாமலும் படிக்கலாம். பள்ளி ஆண்டு விழாவுக்கு டிபன் பாக்ஸும் எவர்சில்வர் கிண்ணமும் பரிசாக வாங்கித் தருகிற சங்ககிரி லாரி முதலாளிகளும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும், நாமக்கல் பண்ணைக்காரர்களும் இந்த வருடம் அந்தப் பணத்தில் ‘சங்ககிரிக் கோட்டையின் மர்ம’த்தையும் ‘கொல்லிமலைக் குள்ள’னையும் அச்சடித்து, ஆறிலிருந்து எட்டு வரை படிக்கிற பிள்ளைகளின் கையில் கொடுக்கட்டும். ஆசிரியர்களே, அதிலிருந்து பரீட்சை மட்டும் வைத்துவிடாதீர்கள்.