யாரிடமிருந்து யாரைக் காப்பது?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலும் இராஜபாளையத்திலும் ஒரு புதுவிதமான தீட்டுச் சில வீடுகளில் அனுஷ்டிக்கப்பட்டு வருவதாக அறிகிறோம். மார்பில் புற்றுநோய் கண்டு, ரண சிகிச்சை செய்துகொண்டு, பிறகு மதுரைக்குப் போய் மூன்று வாரமோ ஐந்து வாரமோ கதிர் வைத்தியமும் முடித்துக்கொண்டு பாட்டி வீடு திரும்புகிறாள். அவள் திண்ணையில் உட்கார்ந்ததுமே பேரக் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். "உடம்பெல்லாம் கதிர் ஏறியிருக்கிறதாமே, குழந்தைக்கு ஆகாதாமே!" என்று அண்டை வீட்டு அம்மாள் சொல்லியிருக்கிறாள். அன்று முதல் பாட்டிக்குத் தட்டும் தனி, டம்ளரும் தனி, பாயும் தனி. வியாதி கொடுத்த வேதனையைவிட இந்தத் தனி டம்ளர் கொடுக்கும் வேதனை அதிகம் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடையாது. யந்திரத்தின் கீழே படுக்க வைத்து வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர், யந்திரத்தை நிறுத்திய கணமே தீர்ந்துபோகிறது. விளக்கை அணைத்தபின் சுவரிலே வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை அல்லவா? அப்படித்தான். பாட்டியின் மடியில் குழந்தை தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம். தைராய்டு நோய்க்காகக் கதிர் வீசும் அயோடினை உள்ளுக்கு அருந்தியவர்களின் விஷயம் மட்டும் வேறு. அந்த அயோடினின் வேகம் எட்டு நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. ஆகையால் அவர்கள் சில தினங்கள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும் என்று டாக்டர்களே சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதிலிருந்துதான் இந்தத் தீட்டுப் பிறந்திருக்க வேண்டும்.

பாட்டியால் குழந்தைக்கு ஆபத்தில்லை. ஆனால் சளியும் இருமலுமாக இருக்கும் குழந்தையால் பாட்டிக்கு ஆபத்து வரக்கூடும்! இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

காரணத்தைச் சற்று விவரமாகவே சொல்கிறோம். நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் நிணநீர் அணுக்கள் என்று ஒரு ஜாதி உண்டு. ஒரு முறை வந்த பகைக் கிருமியை நினைவில் வைத்திருந்து மறு முறை வரும்போது அடையாளம் கண்டு தாக்குபவை இவைதாம். ராண்ட்ஜன் என்ற ஜெர்மானியர் 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எட்டே வருஷத்தில், 1903-ல், ஹைனகே என்ற மற்றொரு ஜெர்மானியர் அந்தக் கதிரைப் பிராணிகள்மேல் செலுத்திப் பார்த்து, மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் உள்ள இந்த அணுக்கள் மற்றெல்லாவற்றுக்கும் முந்தி மடிவதைக் கண்டார். 1906-ல் இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள், எந்த அணு அடிக்கடி பிளந்து பெருகுகிறதோ அதுவே கதிருக்கு எளிதில் இரையாகும் என்று ஒரு விதி வகுத்தார்கள். நிணநீர் அணுவோ பெரும்பாலும் பெருகாமல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பது. ஆயினும் சிறிதளவு கதிருக்கே உயிரை விட்டுவிடுகிறது! கதிர் பட்டு அதன் உட்கருவிலுள்ள இழை அறுந்தால், அதைச் செப்பனிட்டுக்கொண்டு காலம் தள்ளுவதைவிடத் தன்னைத் தானே மாய்த்துக்கொள்வதே அதன் சுபாவம். பழுதுபட்ட காவற்காரன் கையில் ஆயுதம் இருப்பதைவிட அவன் இல்லாமலிருப்பதே மேல் என்று இயற்கை தீர்மானித்திருக்கிறது போலும்.

கதிர் விபத்து நேர்ந்தால் டாக்டர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பதும் இந்த அணுக்களைத்தான். 2010-ல் டில்லி மாயாபுரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஏலத்தில் வந்த ஒரு பழைய ஆராய்ச்சிக் கருவியை இரும்புக் கடைக்காரர்கள் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஏழு பேர் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். இத்தகைய சமயங்களில் முதல் இரண்டு நாளில் நிணநீர் அணுக்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதைக் கொண்டே உடம்பு வாங்கிய கதிரின் அளவை மதிப்பிடுகிறார்கள். உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் 4 அல்லது 5 கிரே வாங்கிவிட்டால், சிகிச்சை இல்லாதவர்களில் பாதிப் பேர் பிழைப்பதரிது. மார்பு நோய்க்கு 40, 50 கிரே கொடுக்கிறார்களே என்று நேயர்கள் திடுக்கிட வேண்டாம். அது ஒரே இடத்துக்கு, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுக்கப்படுவது. மற்ற இடங்களிலுள்ள எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உற்பத்தி செய்துகொண்டேயிருக்கும்.

சிறிதளவாக நெடுங்காலம் படும் கதிரின் கதையே வேறு. 1909-ல் கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதே கனிமம் மிகுந்திருக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரி பத்தரை வருஷம் கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மண்ணிலிருந்து வரும் கதிரால் அங்கே புற்றுநோய் அதிகப்பட்டதாகத் தெரியவில்லை. அக்கரையோரத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான சிசுக்களின் தொப்புள் கொடி ரத்தத்திலுள்ள நிணநீர் அணுக்களையும் சோதித்தார்கள். மற்ற ஊர்க் குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

பாட்டியிடம் திரும்புவோம். ரத்தம் ஓரிடத்தில் நிற்பதன்று. கதிர் பாயும் இடத்தின் வழியாக ஓடும்போதெல்லாம் அதிலுள்ள நிணநீர் அணுக்களில் ஒரு பகுதி மாள்கிறது. வைத்தியம் முடிந்து பல மாதங்கள்வரை அவற்றின் எண்ணிக்கை குறைந்திருக்கக்கூடும். கீமோ மருந்தும் சேர்ந்திருந்தால் இன்னும் அதிகம். அக்காலத்தில் காய்ச்சல் கண்டால் கஷாயம் வைத்துக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பு மருந்துகளை டாக்டர் உத்தரவில்லாமல் பாட்டிக்குப் போடக் கூடாது. குழந்தைக்கு உரிய ஊசிகளைத் தவறாமல் போட்டுவிட வேண்டும், அது பாட்டிக்கும் கவசம். பச்சைப் பால் உதவாது. பாலை எவ்வளவு நேரம் காய்ச்சலாம் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்!

இனிக் கை வீக்கத்தைப் பற்றி. காலில் முள் குத்திப் புரை வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. அக்குளிலும் அப்படிப் பல உண்டு. ரண சிகிச்சையில் அவற்றை எடுத்துவிட்டு, எஞ்சிய இடத்தில் கதிரும் பட்டால், நிணநீர்க் குழாய்கள் தழும்பேறி இறுகிவிடுகின்றன. ரத்தத்தைத் தள்ள இருதயம் இருப்பதுபோல் நிணநீரைத் தள்ளத் தனி இருதயம் இல்லை. தசை அசைவும் குழாயின் சொந்தத் துடிப்புந்தான் அதைத் தள்ளுகின்றன. போக வழியின்றி நீர் தேங்கிக் கை பருக்கிறது. சிலருக்கு உடனே, சிலருக்கு வருஷங்கள் கழித்து. இதைப் பார்த்து "யானைக்கால் கைக்கு ஏறிவிட்டது, ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். யானைக்கால் கொசு கொண்டுவரும் புழுவினால் வருவது. அதுவுங்கூடத் தொட்டால் ஒட்டுவதில்லை.

வீங்கும் கையைக் காயமின்றிக் காப்பது அவசியம். எண்ணெய் தெறித்தல், அரிவாள்மணைக் கீறல், அருமையாக வளர்க்கும் இராஜபாளையம் நாயின் நகம், இவற்றில் எதுவும் கிருமிக்கு வாசலாகும். வளையல் இறுக்கமாக வேண்டாம். கையை அசையாமல் தொங்கவிடுவதும் தவறு, சொல்லிக் கொடுத்த தேகாப்பியாசத்தை நாள்தோறும் செய்ய வேண்டும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போவது பிரசித்தம். வீட்டில் அது இருக்கிறதே என்று கையை இறுக்கிச் சுற்றிவிடலாகாது. வீக்கத்துக்கு வேண்டியது விரலிலிருந்து தோள்வரை அழுத்தம் படிப்படியாகக் குறையும்படி பல அடுக்காகக் கட்டும் வேறு வகைக் கட்டு. அதைப் பயிற்சி பெற்றவர் கட்டிக் காட்ட, வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். மருமகள் கற்றுக்கொண்டால் நல்லது, நாள்தோறும் கட்ட வேண்டியிருக்கும்.