யூதாஸ் இல்லீங்க, ஒப்பந்தம் முடிஞ்சு போன ஆளு

2025 மே 21. பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று அடித்து எங்க டாட்டன்ஹாம் யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கிய ராத்திரி. 2008க்கு அப்புறம் வந்த முதல் கோப்பை. 17 வருஷம்! நம்ம ஊரில் மணி அப்போ ரெண்டரை. வாட்ஸப் குரூப்பில் ஒரே அமளி. அந்த அமளிக்கு நடுவில் நண்பர் ஒருத்தர் சோல் கேம்பெல்லின் பழைய படம் ஒண்ணைப் போட்டு, "இந்த யூதாஸ் இன்னிக்கு எங்க உக்காந்து பாக்கறானோ, வயிறு எரியட்டும்" என்று எழுதினார். கீழே வரிசையாக சிரிப்பு பொம்மைகள்.

கல்யாண வீட்டில் சண்டை எதுக்குன்னு அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன். ஆனா மனசில் முள்ளாகக் குத்திக்கிட்டே இருக்கு. இறக்கி வெச்சிடறேன்.

முதல்ல ஒரு வாக்குமூலம். நான் ஆர்சனல் ஆளு இல்லை. 98-99ல் டிவியில் டேவிட் ஜினோலா இடது ஓரத்தில் முடியை ஆட்டிக்கிட்டு ஓடியதைப் பார்த்து டாட்டன்ஹாம் பக்கம் சாய்ந்தவன். அன்னிலேர்ந்து பட்டுக்கிட்டு இருக்கேன் :) 2001ல் கேம்பெல் போனபோது அவரை நான் திட்டாத திட்டு இல்லை. அதனால வெளியிலிருந்து உபதேசம் பண்ண வந்தவன்னு நினைச்சுடாதீங்க.

கால்பந்து பக்கமே எட்டிப் பார்க்காத மக்களுக்காகக் கதைச்சுருக்கம். கிழக்கு லண்டனில் பிளெய்ஸ்டோ என்ற பகுதியில் 1974ல் பிறந்தவர் கேம்பெல். அப்பா அம்மா ஜமைக்காக்காரர்கள். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. 1992 டிசம்பரில் செல்சீக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். ஆள் நல்ல உசரம், கதவு மாதிரி அகலம், ஆனா ஓட ஆரம்பிச்சா எதிரணி ஃபார்வர்டு ஜெயிக்க முடியாது. பெரிய உடம்புக்காரனைத் திருப்பி விட்டு ஓடிடலாம்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. கேம்பெல்லிடம் அது பலிக்காது. 23 வயசில், 1998 மே மாசம், இங்கிலாந்து அணிக்கே ஒரு ஆட்டத்தில் கேப்டனாக நின்றார். அதுக்கு முன்னாடி அவரைவிடச் சின்ன வயசில் அங்கே கேப்டன் ஆனவர் பாபி மூர் ஒருத்தர்தான்.

இப்ப அந்த ஆள் இருந்த எங்க அணியோட லட்சணத்தைப் பாருங்க. அவர் வந்த சீசனிலிருந்து போன சீசன் வரை லீக்கில் நாங்க முடிச்ச இடங்கள்: 8, 15, 7, 8, 10, 14, 11, 10, 12. ஒன்பது வருஷம். ஒரு தடவைகூட ஏழுக்கு மேல ஏறலை. கோப்பை என்று பார்த்தால் 1999ல் லீக் கப் ஒண்ணு. லெஸ்டரை 1-0ல் ஜெயிச்சோம், கேப்டனாக அதைத் தூக்கியவர் கேம்பெல்தான்.

அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மேனேஜர் யாருன்னு நினைக்கிறீங்க? ஜார்ஜ் கிரஹாம். ஆர்சனலில் ஆடி, ஆர்சனலுக்கு மேனேஜராக இருந்து ரெண்டு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த மனுஷன். 1998ல் லீட்ஸில் வேலையில் இருந்தவரை டாட்டன்ஹாம் நிர்வாகமே கூட்டிக்கிட்டு வந்தது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், நிஜம்தான். ஆனா நிர்வாகம் ஆர்சனல்காரரைக் கொண்டுவந்தால் அது வியாபாரம், ஆட்டக்காரன் ஆர்சனலுக்குப் போனால் துரோகம். என்ன நியாயம் சாமி இது?

2000-01 சீசனோட கேம்பெல்லின் ஒப்பந்தம் முடியுது. அந்த ஒரே சீசனில் கிளப்பின் முதலாளி மாறினார், மார்ச்சில் கிரஹாமை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஏப்ரலில் எஃப்.ஏ. கப் அரையிறுதியில் ஆர்சனலிடமே 2-1ல் தோத்தோம். அந்த ஆட்டத்தில் கேம்பெல் காயத்தோடு வெளியே போனார். ஜூலையில் ஆர்சனல் புது ஆளை அறிமுகம் செய்வதாகப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டது. கோல்கீப்பர் ரிச்சர்ட் ரைட் வரப்போறார்னு நினைச்சு உக்காந்திருந்தவங்க முன்னாடி கேம்பெல் வந்து நின்றார். ஒரு பைசா ட்ரான்ஸ்ஃபர் பணம் இல்லாமல்.

இது சட்டப்படி அவருக்கு இருந்த உரிமை. பெல்ஜியத்தில் ஜான்-மார்க் போஸ்மேன் என்ற சாதாரண ஆட்டக்காரர், 1990ல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் தன்னைப் போகவிடாமல் பிடித்து வைத்ததை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதுவரைக்கும் ஒப்பந்தம் முடிஞ்சாலும் ஆட்டக்காரன் கிளப்பின் சொத்து மாதிரிதான். வேலையை விட்டுட்டுப் போக முன்னாள் முதலாளிக்கு யாராவது காசு கட்டணும்! நானும் நீங்களும் இருக்கற ஆபீசில் இப்படி ஒரு விதி இருந்தால் என்ன பேச்சு பேசுவோம்? நான் ஒரு கம்பெனியை விட்டு எதிர்த்த கம்பெனிக்குப் போனபோது பழைய மேலாளர் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வெச்சிருந்தார். அதுக்கே எனக்கு அவ்வளவு கடுப்பு. ஆனா அதே 2001ல் கேம்பெல்லை நான் துரோகின்னேன். வெக்கமா இருக்கு.

நண்பர் கேக்கற கேள்வி எனக்குத் தெரியும். "மாப்ள, போனது தப்பில்ல. இருப்பேன்னு நம்ப வெச்சுட்டுப் போனானே, அது?" நியாயமான கேள்வி. சீசன் முழுக்க இருக்கப் போறாரா போகப் போறாரான்னு எங்களைத் தொங்கலில் விட்டார். நாங்க இருப்பார்னுதான் நம்பினோம். காசு வாங்காமல் போனதால் கிளப்புக்குப் பல கோடி நஷ்டம். அதுவும் பக்கத்துத் தெரு எதிரியிடம். கோபம் வரும், வரணும். திரும்பி வந்த அன்னிக்கு ஊளையிடுங்க, யார் வேணாம்னா?

ஆனா ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே அவரை விற்றுக் காசு பார்த்திருக்க வேண்டியது யார்? நிர்வாகம். கையெழுத்து போட்டுடுவார்னு சூதாடித் தோத்தாங்க. தோத்த கடுப்பை ரசிகன் தலையில் ஏத்தி விட்டுட்டு அவங்க நழுவிட்டாங்க.

பேட் ஜென்னிங்ஸ் கதையையும் நினைச்சுப் பாருங்க. எங்க மாபெரும் கோல்கீப்பர். 1977ல் 'இவர் காலம் முடிஞ்சுது'ன்னு நிர்வாகம் அவரை ஆர்சனலுக்கே வித்தது. அங்கே 1985 வரை பிரமாதமாக ஆடினார். இன்னிக்கும் ரெண்டு பக்கமும் அவருக்கு மரியாதை. ஏன்னா அவர் போகலை, அனுப்பி வெச்சோம். இதையும் விடுங்க. 2010ல் வில்லியம் காலாஸ், ஆர்சனலின் முன்னாள் கேப்டன், ஒப்பந்தம் முடிந்து ஒரு பைசா இல்லாமல் எங்ககிட்ட வந்தார். கேம்பெல் பண்ணியது அப்படியே தலைகீழாக. அந்த நவம்பரில் ஆர்சனல் மைதானத்தில் 0-2லிருந்து எழுந்து 3-2ன்னு ஜெயிச்சோமே, அன்னிக்கு எங்க கேப்டன் அதே காலாஸ்தான்! நான் சோபா மேல ஏறிக் குதிச்சேன். நண்பரும் குதிச்சார். யூதாஸ் என்ற பேச்சே அன்னிக்கு வரலை பாருங்க :)

இனி சிரிக்க முடியாத இடத்துக்கு வர்றேன். 2001 நவம்பரில் கேம்பெல் ஆர்சனல் சட்டையோடு முதல் தடவை ஒயிட் ஹார்ட் லேனுக்குத் திரும்பினார். வெள்ளை பலூன்களில் யூதாஸ்னு எழுதிப் பறக்க விட்டார்கள். வந்த பஸ் மேல பாட்டில் பறந்தது. ஆட்டம் 1-1. சரி, அது முதல் வருஷத்துச் சூடு என்றே வெச்சுக்குவோம். ஏழு வருஷம் கழிச்சு, 2008 செப்டம்பரில், அவர் போர்ட்ஸ்மவுத் ஆட்டக்காரர். ஆர்சனலை விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னிக்கு ஃபிராட்டன் பார்க்கில் எங்க ஆளுங்க பாடிய பாட்டை இங்கே எழுத எனக்குக் கை வராது. அவர் நிறம், அவர் படுக்கையறை பற்றிய கட்டுக்கதை, அவர் மரத்தில் தொங்கணும் என்கிற ஆசை, எல்லாம் அதில் உண்டு. போலீஸ் விசாரித்து, சிலர் கோர்ட் ஏறி மைதானத் தடை வாங்கினார்கள். ஒப்பந்தம் முடிஞ்சு போன கறுப்பு ஆளைப் பார்த்து மரத்தில் தொங்குன்னு பாடறது என்னய்யா கிளப் விசுவாசம்? யூதாஸ் என்கிற வார்த்தை சும்மா கிண்டலுக்குன்னு நண்பர் சொல்றார். அந்தக் கிண்டல்தான் இந்தப் பாட்டுக்கு வாசல் கதவு. அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சும் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வர்றதில்லை.

அவர் போய் என்ன சாதிச்சார்னும் பார்த்துடுவோம். போன முதல் சீசனிலேயே லீக், எஃப்.ஏ. கப் ரெண்டும். 2003-04ல் 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வி பூஜ்யம். அந்தப் பட்டத்தை அவங்க உறுதி செய்த இடம் எங்க மைதானம்தான், 2-2. (இதை டைப் பண்ணும்போது விரல் வலிக்குது.) அந்தத் தோல்வியில்லா அணியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஆன்ரி, பிரீஸ், பெர்காம்ப்பையே பாடுவாங்க. பின்னாடி மலை மாதிரி நின்னவரைப் பேச மாட்டாங்க. 2006 மே மாசம் பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. லேமன் சிவப்பு அட்டை வாங்கி ஆர்சனல் பத்துப் பேராகக் குறைஞ்ச பிறகு பார்சிலோனாவுக்கு எதிராகத் தலையால் கோல் முட்டினார் பாருங்க! கடைசியில் 2-1ல் தோத்தாங்க, பெல்லெட்டி கோலுக்கு நான் எழுந்து ஆடினேன், அதை மறைக்கலை. பத்து நாள் முன்னாடிதான் எங்க ஆளுங்க வயித்து நோவோட ஆடித் தோத்து, நாலாவது இடத்தை ஆர்சனலுக்கே தாரை வார்த்திருந்தாங்க. அந்த லசான்யா சோகம் தனிப் பதிவு.

இங்கிலாந்துக்கு 73 ஆட்டம். 1996லிருந்து 2006 வரை தொடர்ந்து ஆறு பெரிய போட்டித் தொடர்களிலும் அணியில் இருந்தார். 1998ல் அர்ஜென்டினாவுக்கு எதிராகவும் 2004ல் போர்ச்சுகலுக்கு எதிராகவும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அவர் தலையால் முட்டிய ரெண்டு கோல்களை நடுவர்கள் செல்லாதுன்னாங்க. ரெண்டிலும் தப்பு பண்ணினதாகச் சொல்லப்பட்டது வேற ஆளு. ரெண்டு ஆட்டமும் பெனால்டியில் போச்சு. அதில் ஒண்ணு நின்னிருந்தாலும் அந்த ஊரில் சிலை வெச்சிருப்பாங்க.

அதுக்காக அவரைப் புனிதர்னு சொல்ல வரலை. 2006 பிப்ரவரியில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராகச் சொதப்பிட்டு இடைவேளையிலேயே மைதானத்தை விட்டுக் கிளம்பிட்டார். 2009ல் நாட்ஸ் கவுன்டிக்குப் போய் ஒரே ஒரு ஆட்டம் ஆடி, அதுவும் தோத்து, கும்பிடு போட்டுட்டு வந்துட்டார். வெள்ளையனாக இருந்திருந்தால் பத்து வருஷம் இங்கிலாந்து கேப்டனாக இருந்திருப்பேன்னு 2014ல் சொன்னார். மொத்தத்தில் மூணு தடவைதான் கேப்டன் பட்டை கிடைத்தது. அவர் சொன்னது முழுக்கச் சரின்னு நான் ஏத்துக்கலை, பெக்காம் காலத்தில் யாருக்குமே அது கஷ்டம்தான். ஆனா ஃபிராட்டன் பார்க் பாட்டைக் கேட்டுக்கிட்டு நின்ன மனுஷனுக்கு அந்தச் சந்தேகம் வரக்கூடாதுன்னு சொல்ல நான் யாரு?

2018 நவம்பரில் மேனேஜராக அவருக்குக் கிடைத்த முதல் வேலை எது தெரியுமா? மேக்கிள்ஸ்ஃபீல்ட். நாலாவது டிவிஷனில் கடைசி இடத்தில் கிடந்த, சம்பளம் கொடுக்கக் காசில்லாத கிளப். வேண்டாம்னு சொல்லிட்டு டிவி ஸ்டூடியோவில் உக்காந்திருக்கலாம். போனார். சீசனின் கடைசி நாள் வரை இழுத்து, கீழே விழாமல் காப்பாத்தினார். அவருக்கே சம்பள பாக்கி. 2020ல் கோர்ட் அந்தக் கிளப்பையே மூட உத்தரவு போட்டது. பணத்துக்காக ஓடின யூதாஸ் ஓடிப்போன இடம் அது!

இதையெல்லாம் சுருக்கி நேத்து குரூப்பில் போட்டேன். "நீயெல்லாம் ஒரு ஸ்பர்ஸ் ரசிகனாடா?" என்று நண்பர் கேட்டார். 1999 லீக் கப்பைத் தூக்கிக்கிட்டு நிக்கற கேம்பெல் படத்தை, எங்க வெள்ளைச் சட்டையோட, தேடி எடுத்து அனுப்பியிருக்கேன். ரெண்டு நீல டிக் விழுந்துடுச்சு. பதில் இன்னும் வரலை.